நிழல் முடியும் இடம்

இலுப்பையடி என்கிற ஊரை மழை மறந்து மூன்றாவது கோடை நடந்துகொண்டிருந்தது. குளத்துத் தரை ஓடு ஓடாக வெடித்துக் கிடந்தது. உச்சிவேளையில் தெருவில் கானல் எழும்பும். நடக்கிறவர்கள் முழங்கால் தண்ணீரில் மிதந்து வருவதுபோல வருவார்கள். கிட்டே வந்த பிறகு பார்த்தால் புழுதி படிந்த கால்கள்தான்.

ஊருக்குப் பெயர் தந்த இலுப்பை மரம் மந்தைவெளியின் நடுவில் நின்றது. பங்குனியில் செம்பு நிறத்தில் தளிர் விட வேண்டிய மரம். பங்குனி போயிற்று, சித்திரையும் போயிற்று, தளிர் வரவில்லை. இருந்த இலைகளும் ஓரம் கருகின. காற்றே இல்லாத வேளையிலும், யாரோ யோசித்து யோசித்துக் கீழே போடுவதுபோல ஒவ்வொன்றாக விழுந்தன. மரத்தைச் சுற்றிய அருகம்புல் வெளி கயிற்று நாரின் நிறத்துக்கு வந்துவிட்டது.

மேலத்தெருப் பெரியவர் மந்திரமூர்த்தி ஊரைக் கூட்டி முடிவு சொன்னார். ஆடி பிறப்பதற்குள் தளிர் வந்தால் சரி. வராவிட்டால் மரத்தை வெட்டிவிட்டு அந்த இடத்தில் மண்டபம். மரம் சாவதற்கு முன்பே மண்டப முகப்பில் யார் பெயரைப் பொறிப்பது என்று முடிவாகியிருந்தது. அவருடைய அப்பாவின் பெயர்தான். ஊருக்கு எந்தத் துயரம் வந்தாலும் இவர்களுக்கு அதில் ஒரு கல்வெட்டு கிடைத்துவிடுகிறது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மேலத்தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. கீழத்தெருக்காரர்கள் எப்போது மரத்தைத் தொட்டார்களோ, அப்போதே மரத்துக்குச் சாவு பிடித்துவிட்டது என்றார்கள். யார் முதலில் சொன்னது என்று கேட்டால் ஆள் கிடையாது. அந்த மாதிரிப் பேச்சுக்கு எந்த ஊரிலும் தகப்பன் இருப்பதில்லை. சொல்லிவிட்டு எல்லோரும் தீத்தாரப்பனின் வீட்டுப் பக்கம் பார்த்தார்கள்.

தீத்தாரப்பன்தான் தொட வைத்தவர்.

அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் மரத்துக்கு விடுவது வழக்கம். மரத்துக்கென்று எடுத்த குடத்தைத் தளும்பத் தளும்ப வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது, அதுவும் வழக்கம். தீத்தாரப்பனின் இளவயதில் மேலத்தெரு மட்டும் நிழலுக்குள் போய் அடிமரத்தில் ஊற்றும். நிழல் முடிகிற இடத்தில் வட்டமாகக் கல் நட்டிருந்தார்கள். கீழத்தெரு அந்தக் கல்லுக்கு வெளியே, வெயிலில், வெறுந்தரையில் ஊற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். அவர்களுடைய நிழல் மரத்தின் நிழலோடு கலந்துவிடக் கூடாதாம். வெயிலுக்கே சட்டம் போட்ட ஊர் அது.

ஒரு பங்குனியில் தீத்தாரப்பன் குடத்தோடு கல்லைத் தாண்டினார். பின்னால் தெருவே தாண்டியது. அடி விழுந்தது. இடது காது அன்றைக்குப் போனதுதான். அந்தப் பக்கத்தில் உலகம் அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டது. கூட்டம், மறியல், வழக்கு, சிறை என்று வருடக்கணக்கில் இழுத்து, கடைசியில் வென்றார்கள். கற்களை அவரே கடப்பாரையால் நெம்பிப் பிடுங்கினார். ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து வாசற்படியாகப் போட்டார். அதை மிதித்துத்தான் வெளியே போவார், மிதித்துத்தான் உள்ளே வருவார்.

அன்றிலிருந்து இரண்டு தெருவும் அடிமரத்தில்தான் ஊற்றின. இந்தக் கோடையில் மரம் வாடத் தொடங்கியதும் ஊர் பயந்துபோய் நித்தமும் ஊற்றியது. குடிக்கத் தண்ணீருக்கு மைல் கணக்கில் நடந்த வீடுகள்கூட மரத்துக்கு ஒரு குடத்தை மிச்சம் பிடித்தன. ஊற்ற ஊற்ற மரம் இன்னும் வாடியது.

தீத்தாரப்பன் உலகம்மையிடம் போனார்.

உலகம்மை குளத்துக்கரைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் இருந்தாள். காவி கிடையாது, பீடம் கிடையாது. ஆனால் சுற்றுவட்டாரத்தில் குரு என்றால் அவள்தான். நோய்ப்பட்ட மரத்தைப் பற்றிக் கேட்கவும் வருவார்கள், நோய்ப்பட்ட மனதைப் பற்றிக் கேட்கவும் வருவார்கள். இரண்டு கூட்டத்தாரிடமும் அவள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: தண்ணி எங்க விடுதீங்க?

அவளைவிடத் தீத்தாரப்பன் இருபது வயதாவது மூத்தவர். துண்டறிக்கைகளைப் படித்தே எழுத்துக் கற்றவர். யாருக்கும் தலைவணங்காதவர் என்று பெயர் எடுத்தவர். அப்படிப்பட்டவர் சீடரானதற்குக் காரணம் தூக்கம். உடன் நின்றவர்களில் பாதிப் பேர் செத்துப்போனார்கள். மீதிப் பேர் மந்திரமூர்த்தி வீட்டு விசேஷத்தில் முன்வரிசை நாற்காலிக்குப் போய்விட்டார்கள். அதை நினைத்தால் அவருக்குக் கண் மூடாது. தூக்கத்துக்கு வழி கேட்டு வந்தவருக்கு உலகம்மை ஒரு மண்வெட்டியைக் கொடுத்தாள். தூக்கம் வரவில்லை. ஆனாலும் அவர் திரும்பிப் போகவில்லை. தினமும் ஒரு சண்டை போடத் தகுந்த ஆள் கிடைத்த திருப்தியோ என்னவோ.

"மரத்தைக் காப்பாத்தணும் அம்மா" என்றார். "அது செத்தா நாங்க தோத்ததா ஆயிரும்."

"மரத்துக்காகவா, தோக்கக் கூடாதுன்னா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

உலகம்மை அவருடைய வலது பக்கமாக வந்து நடந்தாள். எப்போதும் அந்தப் பக்கம்தான் நடப்பாள். மந்தைவெளியில் காலடியில் புல் நொறுங்கியது. அவள் நின்றாள்.

"இது என்ன ஆச்சு?"

"செத்துப்போச்சு."

"பிடிச்சு இழுங்க."

தீத்தாரப்பன் குனிந்து ஒரு கொத்துப் புல்லை இழுத்தார். மேல்தாள் முறிந்து கையில் வந்தது. அடி வரவில்லை. இன்னும் வலுவாக இழுத்தார். மண்ணுக்குள்ளிருந்து யாரோ மறுமுனையைப் பிடித்திருப்பதுபோல இருந்தது.

"செத்தது கையோட வந்திரும். இது விடமாட்டேங்குது. தூங்குது."

தீத்தாரப்பனுக்குச் சுரீர் என்றது. "எங்களையும் இப்படித்தான் சொன்னாங்க. பொறுத்திருங்க, உங்களுக்கும் காலம் வரும்னு சொன்னாங்க."

"புல்லைப் பொறுத்திருக்கச் சொல்லி நான் சொல்லலை, அண்ணாச்சி. மிதிக்காதீங்கன்னு உங்ககிட்ட சொல்லுதேன்."

அவர் காலை எடுத்து வெறுந்தரையில் வைத்தார்.

மரத்தடிக்குப் போனார்கள். தாழ்ந்த கிளை ஒன்றில் விரல்மொத்தக் குச்சியை உலகம்மை நகத்தால் சுரண்டினாள். காய்ந்த தோலுக்கு அடியில் ஒரு கீற்றுப் பச்சை தெரிந்தது. அதைப் பார்த்ததும் தீத்தாரப்பன் மரத்தைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். உயிர் இருக்கிறது.

ஆனால் அடிமரம் நன்றாக இல்லை. ஊரே ஊற்றிய தண்ணீர் அங்கே சேறாகத் தேங்கி, சாக்கடை வாடை அடித்தது. பட்டை கறுத்து, தொட்ட இடத்தில் நெகிழ்ந்தது. உலகம்மை கடப்பாரையால் சேற்றைக் கிளறிக் காட்டினாள். தொடைப் பருமனில் வேர்கள் கிடந்தன. அவற்றில் ஒரு மயிர்வேர்கூட இல்லை.

"இது மரத்தோட கால். காலை நனைச்சா தாகம் தீருமா?"

அந்த நேரத்தில் மேலத்தெருவிலிருந்து ஒரு வண்டி எருவும் ஆட்டுப்புழுக்கையும் வந்து இறங்கப் பார்த்தது. உலகம்மை வண்டியைத் திருப்பி அனுப்பினாள். காய்ச்சல்காரனுக்கு யாராவது கறி விருந்து வைப்பார்களா என்று வண்டிக்காரரிடம் கேட்டாள். பட்ட கிளையைக் கழிக்க அரிவாளோடு வந்தவரையும் போகச் சொன்னாள். எது பட்டது, எது படவில்லை என்று மரம் தானே சொல்லும். அதுவரைக்கும் யாரும் முந்திக்கொள்ள வேண்டாம் என்றாள்.

பிறகு மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேரே வெளியே நடந்தாள். தீத்தாரப்பன் பின்னால் போனார். நிழலிலிருந்து வெயிலுக்குள் கால் வைக்கிற இடத்தில் அவர் உடம்பு தானாக நின்றது. கல் இல்லை. அவர்தான் பிடுங்கினார். ஆனாலும் கல் பிடுங்கிய குழிகள் மண் மூடி, கிண்ணம்போல லேசாகத் தாழ்ந்து, வரிசையாகத் தெரிந்தன. வாய்க்காலில் இறங்கத் தயங்கும் மாடுபோல அவர் நின்றார்.

உலகம்மை அந்த இடத்திலேயே கடப்பாரையைப் போட்டாள். ஒரு முழம் தோண்டியதும் குந்தி உட்கார்ந்து, கையால் மண்ணை விலக்கி, எதையோ பதமாக எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

நூல்போல வேர்கள். நரைமயிரைவிடச் சன்னம். பாதி காய்ந்திருந்தன. பாதி இன்னும் வெளுப்பாக, நுனியில் மண்துகளைப் பற்றிக்கொண்டு இருந்தன.

"மரம் குடிக்கிற இடம் இதுதான். கிளை எதுவரைக்கும் போகுதோ, வாயும் அதுவரைக்கும் வந்திரும்."

தீத்தாரப்பன் உள்ளங்கையையே பார்த்தார். அவருடைய அம்மா குடத்தைச் சரித்த இடம் இது. அப்பத்தா சரித்த இடம். ஊற்றிவிட்டு, தலை நிமிராமல், வெயிலில் திரும்பிப் போன இடம்.

"அப்ப, இத்தனை தலைமுறையும் நாங்க ஊத்தினதைத்தான் இது குடிச்சிருக்கு."

உலகம்மை தோண்டிய குழியில் மண்ணைத் தள்ளி மூடினாள்.

"தண்ணி எங்களுது. நிழல் அவங்களுக்கு."

"ஆமா" என்றாள் அவள். மழுப்பவில்லை. "மழை பெய்ஞ்ச காலத்துல, கல்லைப் பிடுங்கின பிறகும் வேருக்கு ஒண்ணும் குறையலை. வானம் பாத்துக்கிட்டுது. இப்ப வானமும் கைவிட்டுது. இனி ரெண்டு தெருவும் இங்கதான் ஊத்தணும்."

"முடியாது."

"ஏன்?"

"நாங்க தொட்டதாலதான் மரம் பட்டுதுன்னு மேலத்தெருக்காரன் சொல்லிக்கிட்டிருக்கான். நாங்களே பழைய இடத்துக்குப் போய் நின்னா, அவன் சொன்னது சரின்னு ஆயிரும். எங்க சனத்தை மறுபடியும் இந்தக் கோட்டுல கொண்டு நிறுத்த என்னால ஆகாது. மரம் செத்தாலும் சரி."

கடைசி வார்த்தையைச் சொன்ன பிறகு அவருக்கே அது கேட்டது. ஆனால் சொன்னதைத் திரும்பப் பெறுவது அவர் வாழ்க்கையில் பழக்கமில்லாத காரியம்.

உலகம்மை ஊரைக் கூட்டிச் சொன்னாள். கூட்டத்தில் அதிசயமான ஒரு ஒற்றுமை உண்டாயிற்று. கீழத்தெரு மாட்டோம் என்றது. மேலத்தெருவும் மாட்டோம் என்றது. அவர்கள் நின்ற இடத்தில் நாங்கள் நிற்பதா என்று இவர்கள் கேட்டார்கள். அங்கேயிருந்து வெளியேற நாங்கள் பட்டது போதாதா என்று அவர்கள் கேட்டார்கள். இரண்டு தெருவும் ஒரே இடத்தை ஒரே நாளில் வேண்டாம் என்று சொன்னது அந்த ஊரின் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை.

மந்திரமூர்த்தி துண்டால் விசிறிக்கொண்டே தீத்தாரப்பனைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னவே தீத்தாரப்பா, அன்னைக்கு நீரு கல்லைப் பிடுங்கினீரு. இன்னைக்கு மரமே பிடுங்கிக்கிட்டுப் போகப் போகுது. திருப்திதானே?"

தீத்தாரப்பனுக்கு ஒரு துண்டறிக்கை அளவுக்குப் பதில் இருந்தது. ஆனால் உள்ளங்கையில் அந்த வேரின் ஞாபகம் இருந்ததால் கையை மூடிக்கொண்டு எழுந்து போனார்.

கூட்டம் கலைந்த பிறகு உலகம்மை தனியாக ஒரு குடத்தைச் சுமந்து வந்து நிழலின் ஓரத்தில் ஊற்றினாள். திரும்பிப் போய் இன்னொன்று கொண்டுவந்தாள். ஊர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. ஒற்றை ஆள் ஊற்றிய தண்ணீர் அவ்வளவு பெரிய வட்டத்தில் எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியவில்லை.

தீத்தாரப்பன் வீட்டுக்குப் போய் வாசற்படிக் கல்லில் உட்கார்ந்தார். வெயிலில் கல் கொதித்தது. கானல் தெருவில் அலை அலையாக ஏறியது. சுவரில் சாய்ந்தார். தூக்கம் என்று சொல்ல முடியாது. விழிப்பு என்றும் சொல்ல முடியாது.

அந்த வெளிச்சத்தில் மரம் தலைகீழாக நின்றது.

கிளைகள் மண்ணுக்குள் போயிருந்தன. வேர்கள் வானத்தில் விரிந்திருந்தன. கிளையைப் போலவே அவ்வளவு அகலம், அவ்வளவு நெருக்கம். வேர் நுனிகளில் தண்ணீர் முத்து முத்தாகத் தொங்கியது. அந்த வேர்களின் நிழலில் கீழத்தெரு முழுக்க உட்கார்ந்திருந்தது. செத்தவர்கள், இருக்கிறவர்கள், எல்லோரும். அவருடைய அம்மா தலைமுடியை விரித்துப் போட்டு ஆற அமரக் கோதிக்கொண்டிருந்தாள். அவள் உட்கார்ந்து அவர் பார்த்ததே இல்லை. தூரத்தில், வெயிலில், மந்திரமூர்த்தியின் அப்பா ஒரு குடத்தை வைத்துக்கொண்டு எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் நின்றார்.

"உள்ள வரச் சொல்லட்டுமா அம்மா?" என்று தீத்தாரப்பன் கேட்டார்.

அம்மா சீப்பில் சிக்கிய முடியைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "முதல்ல அந்தக் குடத்தை இறக்கச் சொல்லு."

தீத்தாரப்பன் கண்ணைத் திறந்தார். தெரு வெறிச்சென்று கிடந்தது. கல்லில் கையை ஊன்றி எழுந்தார். நேரே மாடத்தி வீட்டுக்குப் போனார்.

மாடத்தி கல்லைத் தாண்டிய அன்றைய ஊர்வலத்தில் குமரியாக வந்து முன்பல்லைப் பறிகொடுத்தவள். இப்போது மீதிப் பல்லும் கிடையாது; வாய் மட்டும் குறையவில்லை. தீத்தாரப்பன் தன் யோசனையைச் சொன்னதும் அவள் வெகுநேரம் பொக்கைவாயால் சிரித்தாள். அந்த ஊர்வலத்தில் அடிபட்டவர்களில் உயிரோடிருந்த கிழடுகளையெல்லாம் சாயங்காலத்துக்குள் சேர்த்துவிட்டாள். முன்வரிசை நாற்காலிக்குப் போன ஒருவர்கூட வெட்கத்தோடு வந்து சேர்ந்தார். தீத்தாரப்பன் அவரை ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்தபோது மரத்தடியில் மறியல் நடந்துகொண்டிருந்தது.

அடிமரத்தில் முதுகைச் சாய்த்து, சேறு படாமல் ஓலைத் தடுக்குப் போட்டு, ஒருவர் தோளை ஒருவர் ஒட்டி வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு குவளைத் தண்ணீர்கூட அடிமரத்தில் விழ வழியில்லை. மேலத்தெருப் பெண்கள் குடங்களோடு வந்தார்கள். பார்த்தார்கள். நின்றார்கள். விஷயம் மந்திரமூர்த்திக்குப் போயிற்று. அவரும் குடத்தோடு வந்தார்.

"எங்க வழியை மறிக்கதுக்கு நீரு யாருவே?"

"வழியை மறிக்கலை. மரத்தை மறிச்சிருக்கோம்" என்றார் தீத்தாரப்பன். "ஊத்தணும்னா நிழலுக்கு வெளியே நின்னு ஊத்துங்க. இல்லைன்னா குடத்தைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போங்க."

அங்கேதான் ஊர் வழக்கம் அவர்களைப் பிடித்துக்கொண்டது. மரத்துக்கென்று எடுத்த குடத்தைத் தளும்பத் தளும்பத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. அடிமரத்துக்குப் போக வழியில்லை. நிறைகுடம் இடுப்பில் கனத்தது. வெயில் ஏறியது. மேலத்தெருப் பெண் ஒருத்தி இடுப்பு மாற்றி மாற்றிப் பார்த்தாள். பெரியவரைப் பார்த்தாள். பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டு, நின்ற இடத்திலேயே குடத்தைச் சரித்தாள். அடுத்தவளும் சரித்தாள்.

மண் அந்தத் தண்ணீரைத் தேங்கவிடவில்லை. ஊற்றிய இடத்தில் ஒரு ஈரவட்டம் மட்டும் மிஞ்சியது.

கடைசியாக மந்திரமூர்த்தி நின்றார். வழுக்கைத் தலையில் வெயில் பளபளத்தது. மாடத்தி உட்கார்ந்த இடத்திலிருந்தே, தலைக்குத் துண்டைப் போட்டுக்கொள்ளும்படி அன்பாக எடுத்துச் சொன்னாள். அந்த அன்புதான் அவரை அதிகம் சுட்டிருக்க வேண்டும்.

"இந்த வெயில்ல எத்தனை நாளைக்குவே நிக்கணும்?" என்று அவர் கேட்டார்.

"எங்க தாத்தாகிட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்றார் தீத்தாரப்பன்.

மந்திரமூர்த்தி குடத்தைச் சரித்தார்.

கீழத்தெருப் பெண்கள் தள்ளி நின்று இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலத்தெரு வெயிலில் நின்று ஊற்றியதைப் பார்த்த பிறகு, யாரும் சொல்லாமலேயே அவர்களும் குடங்களோடு வந்தார்கள். வட்டத்தில் எங்கெங்கே இடைவெளி இருந்ததோ அங்கங்கே போய் நின்றார்கள். ஊற்றிவிட்டு, காலிக் குடத்தோடு நிழலுக்குள் நடந்துபோய், மறியலில் இருந்தவர்களுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் திரும்பினார்கள்.

உலகம்மை வந்து பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மறியலுக்குக் கூழ் கொண்டுவந்திருந்தாள். கூழை ஊற்றிக்கொண்டே, வேர்முண்டு மேல் உட்காராமல் கொஞ்சம் நகர்ந்து உட்காரும்படி மறியல் தலைவர் தீத்தாரப்பனிடம் சொன்னாள். தலைவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

பிறகு ஊருக்கு ஒரு முறை வகுத்தாள். எல்லோரும் தினமும் சுற்றிலும் தெளிக்க வேண்டாம். ஒரு நாளைக்கு வட்டத்தின் ஒரு பக்கம். அன்றைக்கு இரண்டு தெருக் குடமும் அந்த ஒரு பக்கத்திலேயே மெதுவாக இறங்கட்டும், ஆழத்துக்குப் போகட்டும். ஊற்றி முடித்த இடத்தை உதிர்ந்த இலுப்பை இலைகளாலேயே மூடிவிட வேண்டும். மரம் போட்ட போர்வையை மரத்துக்கே போர்த்திவிடுங்கள் என்றாள். புல்லுக்கென்று தனியாக ஒரு சொட்டும் வேண்டாம்; அதற்குத் தூங்கத் தெரியும்.

வைகாசி அப்படிப் போயிற்று. அடிமரத்துச் சேறு காய்ந்தது. கறுத்த பட்டை இறுகியது. மறியல் கொஞ்சம் கொஞ்சமாக வேறு எதுவோ ஆகிவிட்டது. கிழடுகள் காலையில் வருவார்கள், பேசுவார்கள், சாய்ந்தபடியே கண் அயர்வார்கள். தீத்தாரப்பன் மட்டும் கண் மூடவில்லை. கிளைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். பழைய இலை விழுவது நின்றிருந்தது. புதியது வரவில்லை. ஆனியும் பாதி போய்விட்டது. மண்டபத்துக்கு அடித்த செங்கல் மந்தையின் ஓரத்தில் வந்து இறங்கி, ஆடியை எதிர்பார்த்து அடுக்கடுக்காக நின்றது.

ஆனி முடியப் போகிற ஒரு காலையில் தீத்தாரப்பன் மந்தைவெளிக்கு வந்தபோது, தரையில் ஒரு நிறம் தெரிந்தது. கானலாக இருக்கும் என்று நினைத்தார். கானலுக்கு இன்னும் நேரமாகவில்லை.

கிட்டே போனார். அருகம்புல். தண்ணீர் விழுந்த இடத்தில் மட்டும், இலைமூட்டத்தைத் துளைத்துக்கொண்டு, இரண்டு சாண் அகலத்தில் முளைத்திருந்தது. உள்ளே நிழலில் பழைய நார் நிறம். வெளியே வெயிலிலும் பழைய நார் நிறம். நடுவில், மரத்தைச் சுற்றி, ஓரிடமும் விடாமல் ஒரு பச்சை வட்டம்.

அதைத் தொடர்ந்து நடந்தார். கல் பிடுங்கிய முதல் குழியின் மேல் அது ஏறியது. அடுத்த குழியின் மேலும் ஏறியது. ஒரு குழியைக்கூட விடவில்லை. யாரோ அவருடைய வாழ்நாளைத் துடைத்துவிட்டுப் பழைய கோட்டைப் பச்சை மையால் மறுபடி போட்டதுபோல இருந்தது.

உலகம்மை இலைக்கூடையோடு வந்தாள். அவருடைய வலது பக்கமாக வந்து நின்றாள்.

"கோடு திரும்ப முளைச்சிருக்கு அம்மா."

அவள் பார்த்தாள்.

"படுத்துப் பாருங்க, அண்ணாச்சி."

"எங்க?"

"கோட்டு மேலதான்."

தீத்தாரப்பன் எத்தனையோ இடத்தில் படுத்தவர். சாலையின் குறுக்கே படுத்திருக்கிறார். லாரிக்கு முன்னால் படுத்திருக்கிறார். சிறையின் ஈரத்தரையில் படுத்திருக்கிறார். எங்கேயும் படுப்பதற்காகப் படுத்ததில்லை. கொஞ்சம் தயங்கினார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, புல்லின் மேல் மல்லாந்தார்.

தலை நிழலில் இருந்தது. கால் வெயிலில் இருந்தது. முதுகுக்கு அடியில், சட்டையைத் தாண்டி, மண்ணின் குளிர்ச்சி மெல்ல ஏறியது. அவ்வளவு நாள் ஊர் ஊற்றியது எல்லாம் கீழே எங்கேயோ இருந்தது.

நேர் மேலே ஒரு கிளை முடிந்தது. மரம் அதற்கு மேல் வெளியே போகவில்லை. அந்தக் கிளையின் நுனியில், வெயில் படுகிற இடத்தில், என்னவோ ஒன்று செம்பு நிறத்தில் மின்னியது. பிறந்த குழந்தையின் நகம் அளவுக்கு இருந்தது. அவர் கண்ணைக் கசக்கினார். பக்கத்துக் கிளையின் நுனியிலும் ஒன்று. அதற்கு அப்பால் இன்னொன்று. அடிமரத்தில் சாய்ந்து அண்ணாந்து பார்த்த நாட்களில் ஒன்றும் கண்ணில் படவில்லை. அங்கேயிருந்து பார்த்தால் கிளைகள்தான் தெரியும், நுனிகள் தெரியாது.

அவர் யாரையும் கூப்பிடவில்லை.

வட்டத்தின் எதிர்ப்பக்கத்தில் குடங்கள் வரத் தொடங்கியிருந்தன. மாடத்தியின் மருமகள் நின்றாள். பக்கத்தில் மந்திரமூர்த்தி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, குடத்தைப் பிடித்தபடி, தன் முறைக்காக வெயிலில் காத்து நின்றார். இரண்டு பேர் நிழலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, நீண்டு, மரத்தின் நிழலுக்குள் போய்விட்டிருந்தன.

தீத்தாரப்பன் வானத்தைப் பார்த்தபடியே கேட்டார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

"அம்மா, அன்னைக்கு நான் கல்லைப் பிடுங்காம இருந்திருந்தா, மரத்துக்கு இந்தப் பாடு வந்திருக்காதோ?"

உலகம்மை கூடையிலிருந்து ஒரு கை இலையை அள்ளிப் புல்லின் ஓரத்தில் போட்டாள். கையைத் தட்டிக்கொண்டாள். எதிர்ப்பக்கம் பார்த்தாள்.

"கல்லு இருந்திருந்தா, இன்னைக்கு மந்திரமூர்த்தி எங்க நின்னுக்கிட்டிருப்பாரு, அண்ணாச்சி?"

தீத்தாரப்பன் மெதுவாக வலது பக்கம் புரண்டு, கேட்கிற காதை மண்ணில் வைத்துக்கொண்டார்.